கால் நாழிகைக் கணக்கு

பெங்களூருவில் ஒரு சட்ட நிறுவனத்தில் பணிபுரியும் தோழி ஒருவர் தம் நாளை ஆறு ஆறு நிமிடங்களாகக் கூறிட்டுப் பதிவு செய்கிறார். மணிக்குப் பத்துக் கூறு. தமிழ் வழக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம். எனவே அவருடைய அலகு சரியாகக் கால் நாழிகை. அந்த நேரப் பட்டியலை அவர் நள்ளிரவில் நிரப்பக் கண்டபோது, இதன் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன்.

இம்முறையைப் பரப்பியவராக அறியப்படுபவர் பாஸ்டன் நகரின் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித். ஏழைகளுக்குச் சட்ட உதவி அளிக்கும் சங்கத்தை நடத்தியவர். ஏழைகளுக்கு நீதி எட்டாததைக் குறித்து 1919 இல் நூல் வெளியிட்டவர். பின்னர் ஹேல் அண்ட் டோர் நிறுவனத்தின் நிர்வாகத்தை ஏற்று, அங்கே நேரக் குறிப்பை நடைமுறைப்படுத்தினார். ஒரு வேலைக்கு நிறுவனம் எவ்வளவு செலவழிக்கிறது என்பதை அறியும் கருவியாகவே அது தொடங்கியது. அக்காலத்தில் கட்டணத்துக்கு வழக்கறிஞர் சங்கங்களின் குறைந்தபட்சக் கட்டணப் பட்டியல்களே வழிகாட்டின. 1975 இல் கோல்ட்ஃபார்ப் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தகைய பட்டியல் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் பரவியிருந்த மணிக்கணக்கு மேலும் வலுப்பெற்றது. செலவை அறியும் கருவி விலையாயிற்று. பின்னர் ஊழியரின் தகுதியை அளக்கும் கோலாகவும் ஆயிற்று. 1958 இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் கையேடு ஆண்டுக்கு 1,300 மணி கட்டணத்துக்குரியது என்று கணக்கிட்டது. இன்று அந்நாட்டுப் பெருநிறுவனங்கள் பல 1,900 மணியை எதிர்பார்க்கின்றன.

நம் நீதிமன்ற வழக்கறிஞர் பெரும்பாலும் வழக்குக்கோ வாய்தாவுக்கோ கட்டணம் பெறுகிறார். 1991 க்குப் பின் பன்னாட்டு நிறுவனங்களுக்குப் பணியாற்றிய சட்ட அலுவலகங்களில்தான் மணிக்கணக்கு வேரூன்றியது. 1988 இல் பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி தொடங்கிய ஐந்தாண்டுப் படிப்பின் பட்டதாரிகள் பலர் அத்தகைய அலுவலகங்களில் சேர்ந்தனர்.

இங்கே 1984 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றை நினைவுகூர வேண்டும். சசிதரன் எதிர் பீட்டர் அண்ட் கருணாகர் வழக்கில், கேரளக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தின்படி வழக்கறிஞர் அலுவலகம் வணிக நிறுவனம் ஆகாது என்று நம் உச்ச நீதிமன்றம் கூறியது. வேலைநேர உச்சவரம்பு, மிகுநேர ஊதியம் ஆகியவற்றை வகுப்பவை இவ்வகைச் சட்டங்களே.

ஆக, கட்சிக்காரருக்குக் கணக்குக் காட்டும்போது வழக்கறிஞரின் நேரம் கால் நாழிகை வரை விற்பனைப் பண்டம். அதே நேரத்துக்கு வரம்பு கேட்கையில் அது வணிகமல்லாத உயர்தொழில் ஆகிவிடுகிறது. வேலைக்கும் வாழ்வுக்கும் இடையிலான சமநிலையைத் தனிமனிதரின் மன உறுதி சார்ந்ததாகப் பேசுவோர் இம்முரணை முதலில் விளக்க வேண்டும்.