துத்தநாக விரல்கள்

இரும்பு வாளி துருப்பிடிக்காமலிருக்க அதன்மீது துத்தநாகம் பூசுகிறோம். அதே உலோகத்திற்கு நம் உயிரணுக்களுக்குள் என்ன வேலை? விடை ஒரு தவளையின் முட்டையணுக்களிலிருந்து கிடைத்தது.

கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆரன் குளூக் இயற்பியல் பயின்றவர். 1982-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அவருடைய மாணவர் ஜோனாதன் மில்லர், ஆப்பிரிக்கத் தவளையொன்றின் முட்டையணுக்களிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுக்க முயன்றார். ஒரு ஜீனை இயங்கச் செய்யும் புரதம் அது. ஆனால் கிடைத்ததோ மிகச் சொற்பம்! காரணம் என்ன? புரதத்தைக் காக்கவென்று கரைசலில் சேர்த்த வேதிப்பொருளே அதிலிருந்த உலோகத்தைப் பறித்துவிட்டது. துத்தநாகம் சேர்த்ததும் சிதைவு நின்றது.

1985-இல் மில்லர், மெக்லாக்லன், குளூக் மூவரும் இதன் உட்பொருளை விளக்கினர். அப்புரதத்தில் சுமார் 30 அமினோ அமிலங்கள் கொண்ட பகுதி ஒன்பது முறை அடுத்தடுத்து வருகிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு சிஸ்டீனும் இரண்டு ஹிஸ்டிடினும் ஒரு துத்தநாக அணுவைப் பற்றுகின்றன. உடனே சங்கிலி விரல்போல் மடிந்து டி.என்.ஏ.வைப் பிடிக்கிறது. அந்தப் பிடியை 1991-இல் பாவ்லெடிச்சும் பாபோவும் எக்ஸ்-கதிர்ப் படிகவியலால் காட்டினர்.

மனிதரிடம் இவ்வகைப் புரதங்களுக்குரிய ஜீன்கள் ஏறத்தாழ 700 உள்ளன. நம் செல்களில் இப்புரதங்களின் அளவு மிகக் குறைவு. ஆகவே மனித ஜீனை ஈ.கோலை பாக்டீரியாவில் புகுத்தி, வேண்டிய புரதத்தை ஆய்வுக்கூடங்கள் உற்பத்தி செய்கின்றன. அங்கும் துத்தநாகம் இல்லையேல் விரல் மடியாது. மடியாத புரதத்தால் ஆய்வுக்குப் பயனில்லை.