ஊராத்துறையில் அயலார் மொழி



யாழ்ப்பாணத்துத் தீவுகளைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் நெடுந்தீவின் குதிரைகளையும், பனங்கூடல்களையும், கடலையுமே முதலிற் சொல்லுவர். இன்று நான் வேறொரு செய்தியை எடுத்துக்கொள்ளுகின்றேன். கடல்வழியாக வந்திறங்கிய அயலாரும், கரையில் நின்று அவர்களை எதிர்கொண்டோரும் எந்த மொழியில் ஒருவரோடொருவர் பேசினர்? யார் யாருடைய மொழியைக் கற்றனர்? ஊர்காவற்றுறையின் வரலாற்றிலே இக்கேள்விக்கு எண்ணூறு ஆண்டு விடை உண்டு.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்திலே ஒரு பழைய சாசனக் கல் உளது. பொலநறுவையிலிருந்து ஆட்சி புரிந்த முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அதிலே பொறிக்கப்பட்டிருக்கின்றது. அம்மன்னன் ஆண்ட காலம் 1153 முதல் 1186 வரை. வரலாற்றறிஞர் கா. இந்திரபாலா 1963 ஆம் ஆண்டில் இச்சாசனத்தை ஆராய்ந்து இலங்கைப் பல்கலைக்கழகத்து ஆய்விதழில் வெளியிட்டார். சாசனத்தின் பொருள் இது: பரதேசிகள் ஊராத்துறைக்கு வந்து தங்கவேண்டும், அவர்கள் காக்கப்படவேண்டும், பிற துறைகளுக்கு வருவோரும் இத்துறையிலே வந்து கூடவேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்து போமாயின், நாலிலொரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. ஏனைய வாணிக மரக்கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி.

பரதேசி என்றால் இன்று நாம் திண்ணையில் ஒதுங்கும் ஏழையை நினைக்கின்றோம். அக்காலத்தில் அச்சொல் பிறதேசத்திலிருந்து வந்த வணிகனைக் குறித்தது. செல்வமும் செல்வாக்கும் உடையவன் அவன். உடைந்த கப்பலின் பொருள் முழுவதையும் கரையை ஆளும் அரசன் எடுத்துக்கொள்வது பல நாடுகளில் வழக்காக இருந்தது. ஆந்திர தேசத்து மோட்டுப்பள்ளித் துறையில் காகதீய மன்னன் கணபதிதேவன் அவ்வழக்கைக் கைவிட்டு வணிகருக்கு அபயம் அளித்த சாசனம் 1244 ஆம் ஆண்டளவில்தான் எழுந்தது. அதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்னரே ஊராத்துறையில் வணிகனுக்குப் பங்கு வரையறுக்கப்பட்டுவிட்டது. யானைக்கும் குதிரைக்கும் கூடிய சலுகை ஏன் என்று கேட்கத் தேவையில்லை. அவை போருக்கு வேண்டியவை. படை நடத்துவதில் ஓயாத மன்னன் அவன்.

நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது சாசனத்தின் மொழியே. சிங்கள நாட்டு மன்னன் தன் ஆணையைத் தமிழில் வெட்டுவித்தான். அத்துறையில் வந்து தங்கிய வணிகருக்கும், துறையைக் காத்த அதிகாரிகளுக்கும் விளங்கிய மொழி அதுவாக இருந்திருக்கவேண்டும். அக்காலத்துக் கடல் வாணிகத்தில் தமிழ் வணிக கணங்களின் கை ஓங்கியிருந்தது. கேட்போன் மொழியில் சொன்னாலன்றி ஆணை நடவாது என்பதை அரண்மனையில் எவரோ அறிந்திருந்தனர். மொழிப்பற்று என்று இதனைப் புகழவேண்டியதில்லை. துறைமுகத்தின் வருவாய் பற்றிய அறிவு என்று கொண்டாலே போதும்.

இதே அறிவைச் சீனரிடத்தும் காண்கின்றோம். மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹோ காலியிலே நிறுவுவித்த கல், சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியில் அமைந்தது. 1409 ஆம் ஆண்டு நாளிட்ட அக்கல் சீனத்திலேயே ஆயத்தமாக்கிக் கப்பலிற் கொண்டுவரப்பட்டது. அப்படியானால் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் சீனத்திலே இருந்திருக்கவேண்டும். அவர் பெயர் கல்லில் இல்லை. அக்கல் 1911 இல் காலி நகரிலே ஒரு மதகின் மூடியாகக் கிடந்தபோது கண்டெடுக்கப்பட்டது. இன்று கொழும்பு நூதனசாலையில் அதனைக் காணலாம்.

பின் வந்தோர் வேறு வகையினர். போர்த்துக்கேயர் ஊர்காவற்றுறையில் யானை ஏற்றுவதைக் கண்டு அதற்கு யானைத்துறை என்று தம் மொழியிற் பெயரிட்டனர். அப்பெயரில் துறையைக் குறிக்கும் சொல்லே தேய்ந்து, ஆங்கிலத்தில் கயிற்ஸ் என நின்றது. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தீவுகள்தோறும் தம் ஊர்ப்பெயர்களைப் பதித்தனர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று, வேலணை லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்வ்ற். இலங்கைப் படம் பன்றித் தொடை போலத் தோன்றியதால் நடுக்கடற் கோட்டைக்குத் தொடையின் குதி என்னும் பொருளில் ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்தனர். நம்மவர் அதனைக் கடற்கோட்டை என்றே அழைத்துவந்தனர். இப்பெயர்களில் டெல்வ்ற் ஒன்றே பரவலாக வழங்குகின்றது, அதுவும் நெடுந்தீவு என்பதற்குப் பக்கத்திலே. தீவாருடைய வாயில் ஏறாத பெயர் படத்தோடு நின்றுவிட்டது.

ஆயினும் அவ்வொல்லாந்தரிடையே தமிழை மதித்த ஒருவர் இருந்தார். பிலிப்பு பல்தேயு என்னும் போதகர் யாழ்ப்பாணத்திலே பணியாற்றித் தாயகம் திரும்பியபின், 1672 இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட பெருநூலிலே தமிழ் எழுத்துக்களையும் மொழியியல்பையும் ஐரோப்பியருக்கு எடுத்துக்காட்டினார். அதிலே பிழைகள் மலிந்திருந்தன எனப் பிற்காலத்தார் குறைகூறினர். பிழையோடு பேசத் துணியாதவன் எந்த மொழியைக் கற்றான்?

இதே நூற்றாண்டில் இன்னும் கிழக்கே, இன்று வியத்நாம் எனப்படும் நாட்டில், அலெக்சாந்தர் த றோட்ஸ் என்னும் இயேசுசபைத் துறவி 1624 இல் வந்திறங்கினார். அந்நாட்டார் பேச்சு முதலில் தமக்குப் பறவைகளின் கீச்சொலியாகவே கேட்டது என்றும், ஒலிகளைப் பிரித்தறியத் தமக்குக் கற்பித்தவன் ஒரு சிறுவன் என்றும் அவரே எழுதியிருக்கின்றார். அம்மொழியிலே 'மா' என்னும் ஓரசையைத் தொனி மாற்றிச் சொன்னால் பேய், தாய், குதிரை, கல்லறை, நாற்று எனப் பொருள் மாறும். வலி, வளி, வழி என்று நம் பிள்ளைகளை நாம் திருத்துவது இதற்கு முன் எளிது. தமக்கு முன்பிருந்தோர் தொகுத்தவற்றையும் சேர்த்து அவர் ஆக்கிய அன்னமிய அகராதி 1651 இல் உரோமையில் அச்சேறியது. அவருடைய சபையைச் சேர்ந்த அந்தாம் த புரோயென்சா தொகுத்த தமிழ் – போர்த்துக்கேய அகராதி, அவர் இறந்தபின் 1679 இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சிடப்பட்டது. 16,000 இற்கு மேற்பட்ட சொற்கள் அதில் உள.

இவ்வரிய அகராதியின் பிரதியை வத்திக்கான் நூலகத்திலே கண்டு, 1966 இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக மறுபதிப்புச் செய்தவர் நம் ஊர்காவற்றுறையார். கரம்பனிலே 1913 இற் பிறந்த தனிநாயக அடிகளார் அவர். உரோமையிலே குருத்துவக் கல்வி பயின்று, ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் வல்லவராய்த் திரும்பியபின், திருநெல்வேலிச் சீமையிலே வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்த காலத்திலேதான் தமிழிலக்கியத்தைப் பண்டிதரிடம் முறையாகக் கற்கத் தொடங்கினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராய்ச் சேர்ந்தார். முப்பது வயதைத் தாண்டிய குருவானவர் மாணவர் வாங்கில் இருந்ததை எண்ணிப் பாருங்கள். 1952 இல் அவர் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில இதழ், தமிழறியாத அயலாருக்கு அவர்தம் மொழியிலே தமிழைச் சொல்லியது.

இந்நாட்டிலோ அயலார் மொழி வேறொரு வழியில் வந்தது. 1956 ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கிற்று. தமிழ் அரசாங்க ஊழியர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத வேண்டியவராயினர். வேலை போய்விடும் என்னும் அச்சத்தோடு படித்த மொழியில் அயலானோடு அளவளாவ எவருக்கு மனம் வரும்? பரீட்சை எழுத மறுத்தோரும் உளர். அவர்களை நான் குறைகூறேன். தமிழும் அரசகரும மொழி என 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆந் திருத்தம் கூறியது. ஆனால் தமிழ் ஊருக்குத் தமிழில் ஒரு கடிதம் வருவதே அதன் பின்னரும் பல அலுவலகங்களில் அரிதாயிருந்தது. அந்த வகையிற் பார்த்தால் பராக்கிரமபாகுவின் எழுத்தர்கள் தேர்ந்தவர்கள்.

குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குச் செல்லும் படகில் இன்று நாகவிகாரைக்குப் போகும் சிங்கள யாத்திரிகரும் அம்மன் கோயிலுக்குப் போகும் தமிழ் அடியாரும் அருகருகே அமர்ந்து செல்லுகின்றனர். விகாரையை வணங்கியவர் பலர் கோயிலுக்கும் வருவர். அங்கே அவர்களுடைய பழைய மன்னனின் ஆணை தமிழிலே நிற்கின்றது. பயிற்சியில்லாத தமிழருக்கே அவ்வெழுத்து விளங்காது. சிங்கள யாத்திரிகருக்கு எப்படி விளங்கும்? அதனைப் படித்து, அவர்களுடைய மொழியிலேயே எடுத்துச் சொல்லவல்ல தீவுப் பிள்ளை ஒருவர் அங்கே வேண்டும்.