தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

"உன்னைத் தவிட்டுக்குத்தானே வாங்கினோம்" என்று சீண்டி அழவைக்காத அத்தை நம் ஊர்களில் குறைவு. அந்தக் கேலிக்கு அடியில் ஒரு பழைய துக்கம் கிடக்கிறது. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். இவ்வளவு அற்பத்துக்கு வந்த பிள்ளையை எமனும் சீந்தமாட்டான் என்று ஒரு கணக்கு. ஊரில் அதைவிட மலிவான பொருள் இல்லை என்பதால்தான் தவிடு.

உமி வேறு, தவிடு வேறு. நெல்லை அரைத்தால் 100 கிலோவுக்குச் சுமார் 20 கிலோ உமி போகும், அது அடுப்புக்கு. அதற்கு உள்ளே, அரிசியோடு ஒட்டியிருக்கும் மெல்லிய தோலும் முளையும் பொடிந்து வருவதுதான் தவிடு. 8 கிலோ தேறும். உரலில் குத்திய காலத்தில் இதில் ஒரு பங்கு அரிசியிலேயே தங்கி வயிற்றுக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஆசியாவில் நீராவி ஆலைகள் பரவின. அரிசி பளபளத்தது, தவிடு மாட்டுத் தொட்டிக்குப் போனது. பெரிபெரி என்ற நோயும் கூடவே பெருகியது. கால் மரக்கும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நிற்கும்.

அன்றைய டச்சுக் காலனியான ஜாவாவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற ராணுவ மருத்துவர் இதற்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தார். 1890 வாக்கில் அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. சில மாதத்தில் தாமாகவே எழுந்தும் நின்றன. விசாரித்தால் காரணம் ஒரு சமையல்காரர். ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோறுதான் கோழிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோற்றைச் சிவில் கோழிக்குப் போடமாட்டேன் என்று மறுத்துவிட்டார். கோழிகள் தீட்டாத அரிசிக்குத் திரும்பின, பிழைத்தன. உயிர்ச்சத்துகளின் வரலாற்றில் இந்த முசுட்டு மனிதருக்கு ஒரு சிலை வைத்திருக்கலாம்.

எய்க்மான் சொன்ன விளக்கம் தவறு. சோற்றில் ஏதோ நஞ்சு, தவிட்டில் அதற்கு மாற்று என்றார். அவருக்குப் பின் வந்த கெரிட் க்ரேய்ன்ஸ்தான் 1901இல், நஞ்சு எதுவும் இல்லை, வேண்டிய ஒன்று இல்லாமல் போனதே நோய் என்றார். 1929இல் நோபல் பரிசு எய்க்மானுக்குக் கிடைத்தது.

ஜப்பானில், காரணம் கிருமியா சாப்பாடா என்ற சண்டைக்குப் பலியானவர்கள் சிப்பாய்கள். கடற்படை மருத்துவர் தகாகி, 1880களிலேயே சாப்பாட்டை மாற்றிக் கப்பல்களிலிருந்து பெரிபெரியை விரட்டியிருந்தார். தரைப்படை மருத்துவர்கள் ஏற்கவில்லை. நாவலாசிரியராகவும் புகழ்பெற்ற மோரி ஓகாய் அவர்களில் ஒருவர். சிப்பாய்க்கு வெள்ளைச் சோறுதான் கௌரவம் என்றும் எண்ணம் இருந்தது. 1904-05 ருஷ்யப் போரில் சுமார் 27,000 வீரர்கள் பெரிபெரியால் இறந்தார்கள்.

தவிட்டுக்குள் இருந்த அந்த ஒன்றைச் செயற்கையாகச் செய்துகாட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர், 1936இல். பிறந்தது நம் பழைய சென்னை மாகாணத்து நெல்லூரில், பாதிரியார் வீட்டில். மணிலாவில் ஒரு ராணுவ மருத்துவர் கையில் கொடுத்த தவிட்டுச் சாற்றோடு 1910இல் தொடங்கிய தேடல் அது. பி1 என்கிறோமே, அந்தத் தயமின்தான்.

குன்னூருக்கு வருவோம். அங்கே ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் நடத்திய ராபர்ட் மெக்கரிசன் இந்தியாவின் பல வட்டாரத்துச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. சோற்றை மலையாகக் குவித்துக் குழம்பைத் தொட்டுக்கொள்ளும் மதராஸ் சாப்பாடு கடைசி வரிசையில் நின்றது. பாலும் காய்கறியும் வாங்க முடியாதவனின் இலையை வைத்து ஒரு மாகாணத்துக்கே மதிப்பெண் போட்டது சரியா என்று எனக்கு இன்னும் ஒரு குறை உண்டு.

ஆனால் ஒரு புதிர் இருந்தது. அதே மாகாணத்தில் வடக்கே தெலுங்குக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. சோற்றையே நம்பியிருந்த தமிழ் மாவட்டங்களில் அரிதாக இருந்தது. வடக்கே ஆலையில் தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 தண்ணீரில் கரைந்து அரிசியின் உட்புறத்துக்கு இறங்கிவிடுகிறது. அப்புறம் ஆலைக்காரன் எவ்வளவு தீட்டினாலும் கணிசமான பங்கு உள்ளேயே இருக்கும். மெக்கரிசனுக்குப் பின் குன்னூரில் பொறுப்பேற்ற ஆக்ராய்டு, புழுங்கல் அரிசிக்காகவே வாதாடினார். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா வார்தாவில் 1934இல் தொடங்கிய கிராமத் தொழில் சங்கத்தை நடத்திக்கொண்டு, ஆலையே வேண்டாம், கைக்குத்தல்தான் என்றார். ஆக்ராய்டுக்கு நோய் தீரவேண்டும். குமரப்பாவுக்கு அதோடு கூலியும் கிராமத்தில் நிற்கவேண்டும். நெல் அவித்த பெண்களை இருவரில் எவரும் முதலில் கேட்டதாகத் தெரியவில்லை. சீக்கிரம் உமி கழலும், குருணை விழாது, பூச்சி அண்டாது என்றுதான் அவர்கள் அவித்தார்கள். பி1 ஓசியில் வந்தது.

மாத்திரை வந்ததும் தவிட்டுக்கு வைத்தியர் வேலை போயிற்று. எண்ணெய் எடுக்கப் போனார்கள், அங்கேயும் தொல்லை. அரைத்த சில மணி நேரத்திலேயே அதிலிருக்கும் நொதி எண்ணெயைக் கெடுக்கத் தொடங்கிவிடும். உடனே சூடுகாட்டி அந்த நொதியை அடக்கக் கற்ற பிறகுதான் தவிட்டு எண்ணெய் அடுக்களைக்கு வந்தது.

இப்போது சர்க்கரை நோயின் புண்ணியத்தில் தவிட்டுக்கு மூன்றாவது வாழ்வு. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் செய்த சிறிய ஆய்வில், தீட்டாத அரிசி தின்ற நாட்களில் ரத்தச் சர்க்கரை ஏற்றம் ஏறக்குறைய 20 சதவீதம் குறைவாக இருந்தது. எதிர்வாதமும் உண்டு: தவிட்டிலுள்ள பைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பில் சேரவிடாது, அரிசிக்குள் வரும் ஆர்சனிக் அதிகம் தங்குவதும் தவிட்டில்தான். பட்டை தீட்டாததற்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறவர், அன்றாடம் அதே சோற்றை அதே அளவு குவித்துக்கொண்டால் எவருடைய ஆய்வும் அவரைக் காப்பாற்றாது என்பது என் கணிப்பு.

வாங்குகிறவர்கள் பதினைந்து நாளைக்கு மேல் சேர்த்து வாங்காதீர்கள். சிக்கு வாடை அடித்துவிடும். அதற்கு முன்பே வண்டு வந்திருக்கும். பக்கத்துத் தகரத்தில் வெள்ளை அரிசி இருந்தாலும் முதலில் இதில்தான் விழும்.