தமிழ்நாட்டில் வார வேலைநேர வரம்பும் தொழிலாளர் இசைவும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தொழிலாளி தாமே விரும்பினால், சட்டம் வகுத்த வேலைநேர வரம்பைக் கடந்து உழைக்கலாமா? 2023ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றத்தில் இவ்வினா கூர்மையாக எழுந்தது. இந்தியச் சட்டம் இதற்கு நெடுங்காலமாகக் 'கூடாது' என்றே விடையளித்து வந்துள்ளது. அவ்விடை உருவான வழியையும் அதற்கு ஏற்பட்ட விலக்குகளையும் அறந்தாங்கிப் பகுதியின் நிருவாக வரலாற்றிலிருந்து தொடங்கி இக்கட்டுரை ஆராய்கிறது.

எல்லையும் வரம்பும்

இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள அறந்தாங்கி, 1974இல் அம்மாவட்டம் உருவாகும் வரை தஞ்சாவூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் அறந்தாங்கி சென்னை மாகாணத்திலும், அதனை அடுத்திருந்த புதுக்கோட்டை தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானத்திலும் அடங்கின. பிரிட்டிஷ் இந்தியாவுக்கென இயற்றப்பட்ட தொழிற்சாலைச் சட்டங்கள் அறந்தாங்கிக்குப் பொருந்தின. சமஸ்தானத்திற்கு அவை தாமாகப் பொருந்தவில்லை. எனவே, வேலைநேரப் பாதுகாப்பு என்பது உழைப்பவரின் தேவையைவிட, அவர் வாழ்ந்த நிலம் யாருடைய ஆட்சியில் இருந்தது என்பதையே முதலில் சார்ந்திருந்தது.

அப்பாதுகாப்பும் மெல்லவே வளர்ந்தது. 1881ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளுக்கும், 1891ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களுக்கும் நேர வரம்பு விதித்தன. 1911இல் நெசவாலைகளின் ஆண் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் உச்சமாயிற்று. 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் முதலியோர் பங்கேற்பில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டு வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு வாரத்திற்கு 48 மணி நேரத்தைப் பொது அளவாக ஏற்றது. ஆயினும் இந்தியாவிற்கு மட்டும் 60 மணி நேரத்தைத் தனி அளவாக ஒதுக்கியது. இந்த 60 மணி வரம்பு 1922இல் சட்டமாகி, 1934இல் 54 ஆகவும், 1946இல் 48 ஆகவும் குறைந்தது. பருவகால ஆலைகளுக்கு இருந்த கூடுதல் அளவை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் நீக்கியது.

1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. 1949 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், பழைய எல்லையின் இருபுறத்துக்கும் ஒரே வரம்பை வகுத்தது.

'அனுமதிக்கவும் கூடாது'

அச்சட்டத்தின் 51ஆம் பிரிவு, வயதுவந்த தொழிலாளி எவரையும் வாரத்தில் 48 மணி நேரத்திற்கு மேல் வேலை செய்யுமாறு பணிக்கவோ அனுமதிக்கவோ கூடாது என்றது. பணித்தலைத் தடுப்பது முதலாளியின் வற்புறுத்தலுக்கு எதிரானது. அனுமதித்தலைத் தடுப்பதோ தொழிலாளியின் விருப்பம் என்னும் வாதத்தையே முன்கூட்டி அடைத்துவிடுகிறது. 1947ஆம் ஆண்டின் சென்னைக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் இதே வாய்பாட்டைக் கையாண்டு, நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என வரையறுத்தது. மிகைநேரத்தைச் சேர்த்தாலும் வாரத்திற்கு 54 மணியே உச்சம். பெருந்தொழிற்சாலைகள் அரிதான, சங்க அமைப்பும் வலுப்பெறாத சிறுநகரங்களின் கடைப் பணியாளர்க்கு இச்சொல்லே துணையாகும்.

விலக்கு யார் கையில்?

பிரிட்டனின் 1998ஆம் ஆண்டு வேலைநேர ஒழுங்குவிதிகள் சராசரி 48 மணி வார வரம்பை ஏற்றபோதிலும், தொழிலாளி எழுத்து மூலம் இசைந்தால் அதிலிருந்து விலகலாம் என்றன. முன்னறிவிப்புத் தந்து அவர் அவ்விசைவைத் திரும்பப் பெறவும் இயலும். இந்தியாவின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் விலக்களிக்கும் உரிமை தொழிலாளியிடம் இருக்கவில்லை. அரசிடமும் அதன் அலுவலரிடமும் இருந்தது. அதற்கும் 64, 65ஆம் பிரிவுகள் எல்லை கட்டியிருந்தன: மிகைநேரம் உட்பட வாரத்திற்கு 60 மணி நேரத்தைத் தாண்டலாகாது.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்த முன்வடிவு 65ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்த்து, விலக்களிக்கும் அரசின் அதிகாரத்தை விரிவாக்கியது. வாரத்திற்கு 48 மணி என்பது மாறாது. விரும்புவோர் மட்டும் நாளுக்கு 12 மணி வீதம் நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வு பெறலாம் என அரசு விளக்கியது. கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தமையால் ஏப்ரல் 24இல் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே நாளன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அது திரும்பப் பெறப்பட்டதாக அறிவித்தார்.

இசைவின் பொருள்

விருப்பம் என்பதன் தன்மையை நீதிமன்றங்கள் முன்னரே ஆராய்ந்துள்ளன. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் (1982) உச்ச நீதிமன்றம், வறுமையின் நெருக்குதலால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாக உழைக்க நேர்வதும் கட்டாய உழைப்பே எனக் கொண்டது. 2020இல் குஜராத் அரசு நாளுக்கு 12 மணி, வாரத்திற்கு 72 மணி என உயர்த்தி, மிகைநேரத்திற்குரிய இரட்டை ஊதியத்தையும் நீக்கி வெளியிட்ட அறிவிக்கையை அதே நீதிமன்றம் செல்லாதென்றது.

முடிவுரை

தமிழ்நாட்டு நிகழ்வில் விவாதிக்கப்பட்டது மணிக்கணக்கு மட்டுமன்று. வேலை இழக்கும் அச்சமின்றி மறுக்க இயலுமிடத்தில்தான் இசைவு என்னும் சொல் பொருள்பெறும். அவ்வாற்றல் அனைவர்க்கும் ஒப்ப அமையாத சூழலில், 'அனுமதிக்கவும் கூடாது' என்னும் 1948ஆம் ஆண்டின் சொல்லாட்சி உழைப்பவரின் விருப்பத்தைப் புறக்கணிப்பதாகாது. விருப்பம் என்ற பெயரில் அவரிடம் கேட்கப்படக் கூடாத ஒன்றைக் கேளாமல் தடுப்பதாகும்.