பேட்டரி மட்டும் ஏன் நம்மோடு மேலே வரவேண்டும்?

போன வருஷம் என் கல்லூரி நண்பன் ஒருவனோடு போர்ட் பிளேர் போயிருந்தேன். அவன் கல்யாண போட்டோகிராபர். ஹேவ்லாக் தீவில் ஒரு ஜோடிக்கு ஷூட். எனக்கு ட்ரைபாட் தூக்குற வேலை. சென்னையில் போர்டிங்குக்காக உட்கார்ந்திருந்தபோது மைக்கில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கீழே அனுப்பிய பெட்டிக்குள் நாலு கேமரா பேட்டரியும் ஒரு பவர் பேங்கும் இருந்தன. பெட்டியைத் திறக்கச் சொல்லி, அவற்றை எடுத்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்தவன் கேட்டான்: "ஏன்டா, ஆபத்தான பொருள்னா நம்மகிட்டேர்ந்து தள்ளித்தானே வைக்கணும்? இவங்க என்னடான்னா நாம உட்கார்ற இடத்துக்கே எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க. இது என்ன லாஜிக்?"

எனக்கும் பதில் தெரியவில்லை. ஊர் திரும்பிய பிறகு விமான விபத்து விசாரணைகளைத் தேடித்தேடிப் படித்தேன். இந்த விதி ஒரே நாளில் எழுதப்பட்டதல்ல என்பது அப்போதுதான் புரிந்தது. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு தீ இருக்கிறது.

முதலில் ஒரு சின்ன ஆச்சரியம். லித்தியம் அயன் பேட்டரி முதன்முதலில் சந்தைக்கு வந்தது 1991-ல், சோனி நிறுவனத்தின் மூலம். ஆரம்பத்திலேயே அது கையடக்க வீடியோ கேமராவில் ஓடியது. ஆக, இந்தப் பேட்டரியின் கதையும் படம் எடுக்கிறவர்களின் கதையும் ஆரம்பத்திலிருந்தே ஒன்றுதான். அதற்கு முன்பிருந்த, லித்தியம் உலோகத்தையே வைத்துச் செய்த ரீசார்ஜ் பேட்டரிகள் தீப்பிடித்து, 1989-ல் திரும்பப் பெறப்பட்டிருந்தன. அதனால் ஜப்பானின் அகிரா யோஷினோ தன் புதிய பேட்டரியின் மேல் இரும்புக் கட்டியைப் போட்டு நசுக்கிச் சோதித்தார். தீப்பிடிக்கவில்லை. 2019-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். ஆனால் 'முன்னதைவிடப் பாதுகாப்பானது' என்பதும் 'தீப்பிடிக்காதது' என்பதும் ஒன்றல்ல.

விமானத்துறைக்கு முதல் எச்சரிக்கை வந்தது தரையில். 1999 ஏப்ரல் 28, லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையம். ஒசாகாவிலிருந்து வந்த சரக்கில் இரண்டு அடுக்குகள் நிறைய, ரீசார்ஜ் செய்ய முடியாத சின்ன லித்தியம் பேட்டரிகள். மொத்தம் சுமார் 1,20,000. இறக்கிக் கையாளும்போது தீப்பிடித்தது. ஊழியர்கள் தீயணைப்பான் அடித்தார்கள், தண்ணீர்க் குழாயைத் திருப்பினார்கள். அணைந்த மாதிரி இருக்கும், மறுபடி பற்றிக்கொள்ளும். பயமுறுத்தும் விஷயம் இதுதான்: அந்தச் சரக்கு கொஞ்ச நேரம் முன்புவரை ஒரு பயணிகள் விமானத்தின் வயிற்றில் இருந்தது.

பயணிகள் விமானத்தின் சரக்கறையில் தீப்பிடித்தால் ஹாலான் என்ற வாயுவைத் திறந்துவிடுவார்கள். அது சுடரை அடக்கும். சூட்கேஸ் துணி, அட்டைப்பெட்டி என்றால் அது போதும். லித்தியம் பேட்டரியின் விஷயம் வேறு. உள்ளே ஷார்ட் ஆனால் செல் சூடாகிறது. சூட்டில் உள்ளே நடக்கும் வேதிவினைகள் இன்னும் சூட்டை உண்டாக்குகின்றன. எரியக்கூடிய வாயு பீறிட்டு வெளியே வருகிறது. பக்கத்துச் செல்லுக்குச் சூடு பரவி அதுவும் கிளம்புகிறது. ஹாலான் சுடரை அடக்கும், சூட்டைத் தணிக்காது. புரோகிராமர் பாஷையில் சொன்னால், எரர் மெசேஜை மறைத்துவிட்டோம், லூப் ஓடிக்கொண்டே இருக்கிறது. ரீசார்ஜ் ஆகாத வகை லித்தியம் பேட்டரித் தீயை ஹாலானால் அணைக்கவே முடியவில்லை என்று சோதனைகள் காட்டின. 2004 இறுதியில் அமெரிக்கா அவற்றைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றத் தடை விதித்தது.

2006 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு சரக்கு விமானம் புகையோடு தரையிறங்கி எரிந்தது. மூன்று பேரும் தப்பினார்கள். தீ எங்கே தொடங்கியது என்று உறுதியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் சரக்கில் லேப்டாப் பேட்டரிகள் இருந்ததால் கவனம் முழுக்க அவற்றின் மேல் திரும்பியது. 2008 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் புது விதி: கருவிக்குள் இல்லாத உதிரி லித்தியம் பேட்டரியைக் கீழே போகும் பெட்டியில் வைக்கக் கூடாது.

நாம் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் 100 வாட்-அவர் கணக்கும் இங்கேதான் வருகிறது. அப்போதைய விதி கிராமில் எழுதப்பட்டது: '8 கிராம் சமமான லித்தியம்'. கணக்கு, ஒரு ஆம்பியர்-அவருக்கு 0.3 கிராம். 8-ஐ 0.3-ஆல் வகுத்தால் சுமார் 26.7 ஆம்பியர்-அவர். ஒரு செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 98.7. முழு எண்ணாக்கினால் 100! இந்த எண் இன்று பொருட்களையே வடிவமைக்கிறது. வீடியோக்காரர்களின் வி-மவுண்ட் பேட்டரிகளில் 98, 99 என்று போட்டு விற்கிறார்கள். 16 அங்குல மேக்புக் ப்ரோ சரியாக 100-ல் நிற்கிறது. நம் கேமரா பேட்டரியெல்லாம் 16 வாட்-அவர் பக்கம்தான், கவலையில்லை. 100-க்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு உதிரி மட்டும்.

பிறகு 2010 செப்டம்பர் 3 வந்தது. துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோனுக்குக் கிளம்பிய யுபிஎஸ் 6, ஒரு போயிங் 747 சரக்கு விமானம். உள்ளே 81,000-க்கும் மேற்பட்ட லித்தியம் பேட்டரிகள். பறக்கத் தொடங்கி 22 நிமிடத்தில் தீ எச்சரிக்கை. துபாய்க்கே திரும்பினார்கள். விமானி அறை முழுக்கப் புகை. கேப்டனின் ஆக்சிஜன் நின்றுபோக, அவர் இருக்கையை விட்டு எழுந்து போனார், திரும்பவில்லை. துணை விமானிக்குத் தன் முன்னாலிருந்த கருவிகளே தெரியவில்லை. பக்கத்தில் பறந்த விமானங்கள் வழியாக உயரம், வேகம், திசை கேட்டுக் கேட்டு ஓட்டினார். எச்சரிக்கை வந்து அரை மணி நேரத்துக்குள் விமானம் விழுந்தது. இருவருமே இறந்தார்கள். இந்தப் பகுதியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பேட்டரிகள் யாரோ எங்கோ ஆர்டர் செய்தவை. என்னைப் போன்றவர்கள்தான்.

2016 ஏப்ரல் 1 முதல், பயணிகள் விமானத்தில் லித்தியம் அயன் பேட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவதற்குச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தடை போட்டது. சரக்கு விமானத்திலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது.

அடுத்த வருஷமே ஒரு குழப்பம். 2017 மார்ச்சில் அமெரிக்கா, துபாய், அபுதாபி, தோஹா உட்படப் பத்து விமான நிலையங்களிலிருந்து வரும் நேரடி விமானங்களில் செல்போனைவிடப் பெரிய மின்னணுக் கருவிகளைக் கேபினுக்குள் கொண்டுவரத் தடை விதித்தது. லேப்டாப், கேமரா எல்லாம் கீழே. காரணம் வெடிகுண்டு பயம். சென்னையிலிருந்து வளைகுடா வழியாக அமெரிக்கா போகிறவர்களும் இதில் மாட்டினார்கள். குண்டுக்குப் பயந்தால் கீழே, தீக்குப் பயந்தால் மேலே! அதே வருஷம் அமெரிக்கச் சோதனைகளில், சூட்கேஸுக்குள் சூடேறிய லேப்டாப் பக்கத்திலிருந்த ஸ்ப்ரே டப்பாவை வெடிக்க வைத்தது. ஜூலைக்குள் தடை விலக்கப்பட்டது.

ஆக, நண்பன் கேட்ட லாஜிக் இதுதான். கீழே தீப்பிடித்தால் பார்க்க ஆளில்லை. மேலே பிடித்தால் பக்கத்து சீட்டுக்காரர் கத்துவார், பணிப்பெண் ஓடி வருவார், சுடரை அணைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார். தண்ணீர் சூட்டைத் தணிக்கும். ஆபத்தை நம்மருகே வைப்பது நம்மை நம்பித்தான். 2025 ஜனவரி 28, தென்கொரியாவின் பூசானில் புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் எரிந்தபோது தீ தொடங்கியது தலைக்கு மேலுள்ள பெட்டியில். 176 பேரும் தப்பினார்கள். பவர் பேங்காக இருக்கலாம் என்றது விசாரணை. மார்ச் முதல் அங்கே பவர் பேங்கை மேல்பெட்டியில் வைக்கக் கூடாது, கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கண்ணில் படவேண்டும் என்பதே காரணம்.

இதையெல்லாம் நண்பனிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி மச்சான், என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லு" என்றான். உதிரி பேட்டரி எல்லாம் கைப்பையில். முனைகளில் டேப் ஒட்டு, அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போடு. உப்பியதைத் தூக்கிக்கொண்டு வராதே. கடைசி நேரத்தில் கைப்பையையும் கீழே அனுப்பச் சொன்னால், முதலில் பேட்டரிகளை வெளியே எடு.

அடுத்த மாதம் அவனுக்கு கோவாவில் ஷூட். பேட்டரி முனைகளுக்கு டேப் ஒட்டி, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறான். படம் கொஞ்சம் ஷேக், ஆனாலும் எனக்குப் பிடித்தது.