உப்பும் வேரும்

நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் இடையே, வானத்தைப் பார்த்துப் பயிர் செய்கிற ஊர் எங்களுடையது. அந்தப் பூமிக்கு வருஷத்தில் இரண்டே பருவம்: மழை பெய்கிற காலம், மழைக்குக் காத்திருக்கிற காலம். என் சித்தப்பாவுக்கும் இரண்டே பருவந்தான்.

ஒரு பருவத்தில் அவருக்குத் தூக்கமே வேண்டாம். விடிய விடியப் பேசுவார், பாடுவார், வருகிறவர் போகிறவருக்கெல்லாம் வாரி வழங்குவார். ஒரு சமயம் ஒரே வாரத்தில் இரண்டு லாரிக்கு அச்சாரம் கொடுத்துவிட்டு வந்து நின்றார். வீட்டில் இருந்ததோ ஒரு ஜோடி மாடும் மூன்று ஏக்கர் கடலைக்காடும். மறு பருவம் வந்துவிட்டால், அதே மனிதர் திண்ணையில் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். "நெஞ்சு மேலே கல்லைத் தூக்கி வெச்சாப்பல இருக்குதம்மா" என்பார் அப்பத்தாளிடம். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அப்பத்தாள் அவரைக் காவிரிக் கரையிலுள்ள குணசீலத்துக்கு அழைத்துப் போய் ஒரு மண்டலம் தங்கினாள். ஊரில் சிலர் கீழ்ப்பாக்கத்தின் பெயரைச் சொன்னார்கள். 1871-ல் அங்கே மனநோய் ஆஸ்பத்திரி ஏற்பட்டதன் பலனாக, நம் பக்கத்துப் பேச்சில் அது ஊர்ப் பெயர் என்பது போய் வசைச்சொல் ஆகிவிட்டது. அப்பத்தாள் காதைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் 1992-ல் அப்பா அவரைச் சேலத்துக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். பன்னிரண்டு வயசுப் பையனான நானும் கூடப் போனேன்.

டாக்டர் எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ரத்தம் எடுக்கச் சொன்னார். சித்தப்பாவைப் படுக்க வைத்து, மார்பிலும் கை கால்களிலும் ஒயர்களைப் பொருத்தி இ.சி.ஜி. எடுத்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் கேட்டேன்: "ஏனுங்கப்பா, சித்தப்பாவுக்குக் கோளாறு மனசுலதானே? நெஞ்சுல எதுக்கு ஒயர் வெச்சாங்க?"

அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. "டாக்டருக்குத் தெரியும், பேசாம வாடா" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பதில் கிடைக்க வெகு காலம் ஆயிற்று. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சித்தப்பாவுக்குக் கொடுத்த மாத்திரை லித்தியம் கார்பனேட். அது ஓர் உப்பு.

உப்பு என்றால் எங்கள் பக்கத்தாருக்கு 1930 நினைவுக்கு வரும். சேலத்தில் வக்கீலாகவும் நகரசபைத் தலைவராகவும் இருந்த ராஜாஜி, திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்குத் தொண்டர்களை நடத்திப் போனார். அந்த யாத்திரைக்குப் பாட்டுக் கட்டிக் கொடுத்தவர் நாமக்கல் கவிஞர். அது கடல்நீரில் விளைந்த உப்பு. நான் சொல்வது கல்லில் பிறந்த உப்பு. 1817-ல் ஆர்ஃப்வெட்சன் என்ற ஸ்வீடன் தேசத்து இளைஞர் ஒரு தாதுக்கல்லை ஆராயும்போது, அதில் அதுவரை யாரும் அறியாத ஓர் உலோகம் இருப்பதைக் கண்டார். கிரேக்க மொழியில் கல்லுக்கு லித்தோஸ் என்று பெயர், ஆகவே லித்தியம். சோற்று உப்பில் இருக்கும் சோடியத்துக்கு இது தம்பி முறை. முகஜாடை ஒன்று, குணம் வேறு. பின்னால் விளைந்த நன்மைக்கும் தீமைக்கும் இந்த ஜாடைதான் மூலம்.

1880-களிலேயே டென்மார்க்கில் கார்ல் லாங்கே என்ற மருத்துவர் மனச்சோர்வுக்கு லித்தியத்தைக் கொடுத்துப் பார்த்தார். உலகம் அதை மறந்துவிட்டது. மறுபடியும் நினைத்துக்கொண்டது 1949-ல். அந்த ஒரு வருஷத்தில் மூன்று தேசங்களில் மூன்று காரியங்கள் நடந்தன.

முதலாவது அமெரிக்காவில். இருதய நோயாளிகளையும் ரத்த அழுத்தக்காரர்களையும் உப்பைக் குறைக்கச் சொல்வது அங்கே அப்போதே வழக்கம். உப்பில்லாச் சாப்பாடு யாருக்குத்தான் தொண்டையில் இறங்கும்? லித்தியம் குளோரைடு நாக்குக்கு உப்பாகவே இருந்தது. அதையே சோற்று உப்புக்குப் பதிலாகக் கடையில் விற்றார்கள். வாங்கியவர்கள் தாராளமாகத் தூவிக்கொண்டார்கள். கை நடுங்கியது, பார்வை மங்கியது, நடை தள்ளாடியது. சிலர் இறந்தே போனார்கள். 1949-ன் தொடக்கத்தில் அரசாங்கம் எச்சரிக்கை செய்ய, அந்தச் சரக்கு கடைகளிலிருந்து மறைந்தது.

இரண்டாவது ஆஸ்திரேலியாவில். ஜான் கேட் என்ற டாக்டர், யுத்த காலத்தில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் ஜப்பானியரிடம் மூன்று வருஷத்துக்கு மேல் கைதியாக இருந்தவர். ஊர் திரும்பி, மெல்போர்ன் நகரை அடுத்த மனநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்தார். அங்கே சும்மா கிடந்த ஓர் உக்கிராண அறைதான் அவருடைய சோதனைச்சாலை. கினிப்பன்றிகளுக்கு லித்தியத்தை ஊசி மூலம் ஏற்றினார். அவை சாதுவாகக் கிடந்தன. தாமே சாப்பிட்டுப் பார்த்தார். பிறகு, பித்து உச்சத்தில் இருந்த பத்துப் பேருக்குக் கொடுத்தார். வருஷக்கணக்காக ஆஸ்பத்திரியிலேயே கிடந்த முதல் நோயாளி, சில மாதங்களில் வீட்டுக்குப் போய்ப் பழைய வேலையிலும் சேர்ந்தார். செப்டம்பரில் கேட் இதையெல்லாம் எழுதி வெளியிட்டார்.

கதாசிரியன் என்ற முறையில் கதையை அங்கேயே முடிக்க எனக்கு ஆசைதான். ஆனால் அந்த முதல் நோயாளி மருந்தை விட்டார், நோய் திரும்பிற்று, மறுபடியும் மருந்து கொடுத்தார்கள், 1950-ல் அந்த மருந்தே நஞ்சாகி அவர் இறந்தார். கேட் தம் ஆஸ்பத்திரியில் லித்தியத்தை நிறுத்திவிட்டார்.

மூன்றாவது நம் தேசத்தில். சர்ப்பகந்தி வேரை நம் வைத்தியர்கள் வெகு காலமாக அறிவார்கள். பீகார்ப் பக்கத்தில் அதற்குப் 'பைத்திய மருந்து' என்றே பெயர். 1931-ல் கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், இந்த வேர் பித்தைத் தணிக்கிறது, ரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது என்று எழுதினார்கள். 1949-ல் பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற இருதய வைத்தியர், ரத்த அழுத்தத்துக்கு அதைக் கொடுத்துக் கண்ட பலனை ஆங்கிலேயரின் இருதய வைத்தியப் பத்திரிகையில் பிரசுரித்தார். மேனாடு திரும்பிப் பார்த்தது. 1952-ல் அதன் சத்தை ரெசர்பின் என்ற பெயரில் பிரித்தெடுத்தார்கள்.

பிறகுதான் ஒரு விபரீதம் தெரிந்தது. ரத்த அழுத்தத்துக்காக ரெசர்பின் சாப்பிட்டவர்களில் சிலர், காரணமே இல்லாமல் சோர்ந்து படுத்தார்கள். எத்தனை பேர் அப்படி ஆனார்கள் என்பதில் பிற்கால ஆராய்ச்சியாளர்களுக்குள் தகராறு உண்டு. ஆனால் அந்தச் சத்து மூளையில் சில ரசாயனங்களை வற்ற அடிக்கிறது என்பது உறுதிப்பட்டது. மனச்சோர்வுக்கு உடம்பில் வேர் இருக்கலாம் என்ற யோசனை பலப்பட்டது அதனால்தான். ரத்தக் குழாய்க்குக் கொடுத்த வேர் மனசைத் தொட்டது. உப்போ இருதய நோயாளியின் சாப்பாட்டு மேஜையிலிருந்து மனநோயாளியின் கைக்கு வந்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. இருதயம் துடிப்பதும் மூளை யோசிப்பதும் ஒரே சரக்கைக் கொண்டுதான். சோடியம், பொட்டாசியம் போன்றவை உயிரணுக்களுக்கு உள்ளும் வெளியும் போய்வருகின்றன. அந்தப் போக்குவரத்தில் மெல்லிய மின்சாரம் பிறக்கிறது. இருதயத்தின் மின்சாரத்தைக் கோடாக வரைவது இ.சி.ஜி. மூளையின் மின்சாரத்தை ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் வரைந்து, 1929-ல் வெளியிட்டார். அந்தப் பெர்கரே மனச்சோர்வுக்கு ஆளாகி 1941-ல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார் என்பதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

லித்தியம், அண்ணன் சோடியத்தின் ஜாடையில் உயிரணுவுக்குள் நுழைந்துவிடுகிறது, வெளியேறுவதில்தான் சுணக்கம். இருதயத் துடிப்பு பிறக்கிற இடத்தில் வேகம் மட்டுப்படலாம், இ.சி.ஜி. கோட்டில் ஓர் அலை மேடு தட்டையாகலாம். மூளையின் அலைகளும் மெதுவாகலாம். அளவோடு இருந்தால் பெரும்பாலோருக்கு இதனால் தீங்கில்லை. அந்த அளவு மிகக் குறுகியது. ஒரு லிட்டர் ரத்தத்துக்கு சுமார் 0.6 முதல் 1 மில்லிமோல் வரை மருந்து, 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு. கேட் விட்டதை 1954-லிருந்து எடுத்து நடத்திய டென்மார்க் டாக்டர் மோகன்ஸ் ஷூவின் சகோதரருக்கே மனச்சோர்வு நோய் இருந்தது. இடைவிடாமல் ரத்தத்தைச் சோதித்து அளந்து கொடுக்கும் முறையால் மருந்து பிழைத்தது. 1970-ல் அமெரிக்காவும் அதை அனுமதித்தது.

சித்தப்பாவின் மார்பில் ஒயர் வைத்த காரணம் இப்போது வாசகர்களுக்கு விளங்கியிருக்கும். எங்கள் வீட்டில் அது விளங்காததன் பலனை 1993 கோடையில் அனுபவித்தோம்.

அக்கினி நட்சத்திரம். எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கிணற்றடி மண்ணே காலைச் சுடும். தேறி வந்த சித்தப்பா காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மருந்து சாப்பிட்டால் பத்தியம் இருக்க வேண்டும் என்பது அப்பத்தாளின் சாஸ்திரம். யாரையும் கேட்காமல் அவருக்கு உப்பை அடியோடு நிறுத்திவிட்டாள். பத்து நாளில் அவர் கையிலிருந்து டம்ளர் நழுவியது. பேச்சுக் குழறியது. ஒரு காலையில் எழுந்து நின்றவர் சரிந்து விழுந்தார். "குடிச்சிருக்கானோ?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். அவர் தொட்டதே இல்லை.

சேலத்தில் மாத்திரையை உடனே நிறுத்தி, உப்புநீரை நரம்பில் ஏற்றினார்கள். ரத்தத்தில் லித்தியம் எல்லை மீறியிருந்தது. சிறுநீரகம் சுங்கச்சாவடிக் காவல்காரனைப் போல. உடம்பில் உப்புப் பஞ்சம் வந்தால் சோடியத்தை வெளியே விடாமல் பிடித்து நிறுத்தும். ஜாடை தெரியாமல் தம்பியையும் சேர்த்துப் பிடித்து வைத்துவிடும். உப்பில்லாப் பத்தியத்தோடு வெயிலும் வேர்வையும் சேர்ந்துகொண்டன. அமெரிக்காவில் உப்பை விட்டு லித்தியத்தைத் தூவிக்கொண்டார்களே, அவர்களுக்கு நேர்ந்த கதிதான்.

டாக்டர் அப்பத்தாளைக் கடிந்துகொள்ளவில்லை. "இந்த மருந்துக்குப் பத்தியம் உப்பை நிறுத்தறது இல்லீங்கம்மா. கூட்டாமக் குறைக்காம, எப்பவும் போலச் சாப்பிடறதுதான். தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுங்க" என்றார். அப்பத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெற்ற பிள்ளையைத் தன் கையாலேயே கொல்ல இருந்தோம் என்ற நினைப்பு, சாகிறவரை அவளை விட்டுப் போகவில்லை.

சித்தப்பா தப்பினார், பிறகு இருபத்திரண்டு வருஷம் இருந்தார். பருவங்கள் அடியோடு நிற்கவில்லை. புயல் வரவில்லை, மழையும் வெயிலுமாக வந்து போயின. இந்த நோயுள்ளவர்களுக்கு இருதய வியாதியும் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. ஆகவே சில மாதங்களுக்கு ஒரு முறை ரத்தம் கொடுக்கவும் அவ்வப்போது மார்பில் ஒயர் வைத்துக்கொள்ளவும் சேலத்துக்குப் பஸ் ஏறுவார். "மனசைப் பார்த்துட்டு வந்துட்டேன்" என்பார் திரும்பி வந்து.

இலை போட்டால் முதலில் உப்பு வைப்பது நம் வழக்கம். மற்றவர்களுக்கு மருமகள்கள் வைப்பார்கள். சித்தப்பாவின் இலைக்கு மட்டும் அப்பத்தாள் தானே வந்து, ஒரு சிட்டிகை எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, வைத்துவிட்டுப் போவாள்.