மூச்சுக்குழலும் முன்னோர் மறைக்காத உண்மையும்

அரிமளம் வட்டாரத்தில் கடலை பிடுங்கும் காலம் வந்துவிட்டால், தவழும் மழலையின் கைக்கு ஒரு பருப்பும் எட்டிவிடக் கூடாதே என்று தாய்மார் அஞ்சுவர். மூச்சுக்குழலில் அது சிக்கினால் என்னாகும் என்பதை நாம் அறிவோம். அடைபட்ட மூச்சுக்கு வழிகாணும் வித்தை வளர்ந்த வரலாற்றையும், அவ்வித்தையே பிஞ்சுத் தொண்டைக்கு இழைக்கும் ஊறுகளையும் ஈண்டு நோக்குவோம்.

கி.பி. 1013 அளவில் மறைந்த குர்துபாவின் அறுவை மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்துள்ளார். அடிமைப்பெண் ஒருத்தி கத்தியால் தன் தொண்டையை அறுத்துக்கொண்டாள். காயத்தின் வழியே காற்று வெளிவந்தது. அவர் தைத்தார், அவள் பிழைத்தாள், குரல் மட்டும் கம்மிவிட்டது. குரல்வளையைக் கீறுவதால் உயிர் போய்விடாது என்று அவர் அதிலிருந்து தெளிந்தார். ஆயினும், உயிர் பிழைத்ததை எழுதிய அதே கை, கம்மிய குரலையும் மறைக்காமல் எழுதிற்று. 1162இல் மறைந்த இஷ்பீலிய்யாவின் இப்னு ஸுஹ்ரோ, ஓர் ஆட்டின் மூச்சுக்குழலை அறுத்து, அக்காயம் ஆறுவதைச் சோதித்தறிந்தார்.

குழந்தைகளுக்கு இவ்வித்தை பெரிதும் தேவைப்பட்டது தொண்டை அடைப்பான் நோயிலேயாம். 1825இல் பிரெஞ்சு மருத்துவர் பிரெத்தோனோ, மூச்சுக்குழலைத் திறந்து ஒரு குழந்தையைக் காத்தார். அவர் மாணவர் துரூசோ ஏறத்தாழ 200 பேருக்கு அதனைச் செய்தும், நால்வரில் ஒருவரே பிழைத்தனர். 1885இல் அமெரிக்காவின் ஓட்வயர், கத்தியின்றி வாய்வழியே குழாய் செலுத்தும் முறையை வெளியிட்டார். பலர் பிழைத்தனர். ஆனால் குழாய் அழுந்திய இடம் புண்ணாகி, தழும்பேறி, மூச்சுவழி குறுகிப்போன பிள்ளைகளும் உண்டு.

இதன் காரணம் எளிய கணக்கே. சிசுவின் மூச்சுவழி, குரல்நாண்களுக்குக் கீழே சுமார் 4 மில்லிமீட்டர் அகலமே உடையது. சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் அகலம் 2 ஆகும். காற்றுக்குரிய பரப்போ நாலில் ஒரு பங்காகிவிடும். பெரியவருக்குக் கரகரப்போடு போகும் வீக்கம், சிசுவுக்கு உயிர்ப்போராட்டம். ஆதலின் இன்றைய மருத்துவர் குழாயின் அளவையும் அழுத்தத்தையும் நுணுகிப் பார்க்கின்றனர்.

நாம் செய்யத்தக்கது யாது? தொண்டை அடைப்பானுக்கு எதிரான தடுப்பூசியைத் தவறவிடலாகாது. சிறு பிள்ளைகளுக்கு முழுக்கடலை தரலாகாது. குழாய் எடுத்தபின் குரல் கம்மினாலோ, மூச்சில் இரைச்சல் கேட்டாலோ, "பிள்ளைதான் பிழைத்துவிட்டதே" என்று வாளாவிராமல் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். கம்மிய குரலையும் குறித்துவைத்த அஸ்ஸஹ்ராவியின் நேர்மை நமக்குக் கற்பிப்பது அதுவே.

நம் மழலையரின் மூச்சையும் குரலையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.